பர்ஸ் தொலைந்தால், பர்ஸ் கிடைத்தால், அப்புறம் அந்த ஒளித்து வைத்த நோட்டு

வழிப்போக்கன்:

இரண்டு விஷயம் கேட்கத்தான் இந்த இழை. முதலாவது, கீழே கிடந்து எடுத்த பர்ஸை உரியவரிடம் சேர்க்க உருப்படியான வழி என்ன? பேருந்து இருக்கையில் ஒன்று கிடைத்தது. உள்ளே கொஞ்சம் நோட்டு, இரண்டு வங்கி கார்டு, ஒரு நூலக அட்டை, மடித்து மடித்து எழுத்தே போய்விட்ட ஒரு ரசீது. பெயர் இருக்கிறது, போன் நம்பர் இல்லை, முகவரி இல்லை. அதே பெயரில் இணையத்தில் தேடினால் நூறு பேர் வருகிறார்கள், எல்லோருக்கும் செய்தி அனுப்பினால் என்னைத்தான் மோசடிக்காரன் என்பார்கள்.

இரண்டாவது, பர்ஸை விட்டவர் அன்று வீட்டுக்கு எப்படிப் போயிருப்பார் என்ற யோசனையில் வந்தது. அவசரத்துக்கு என்று பர்ஸில் இல்லாத பணம் யாராவது தனியாக வைத்திருக்கிறீர்களா? எங்கே? (இடத்தைச் சொல்லப் பிடிக்காதவர்கள் தன்மையை மட்டும் சொன்னால் போதும்.)

சோம்பேறி:

பர்ஸே கனமாக இல்லை, இதில் தனியாக வேறு.

கடைசிப்பெட்டி:

வழிப்போக்கன் தம்பி, நான் போக்குவரத்துத் துறையில் தொலைந்த பொருள் பிரிவில் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பேருந்தில் கிடைத்தால் அந்தப் பேருந்தின் ஊழியரிடமோ டிப்போவிலோ கொடுப்பதுதான் முதல் வழி, ஏனென்றால் தொலைத்தவர் முதலில் அங்கேதான் வந்து கேட்பார். நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் இணையத்தில் துப்பறிந்துகொண்டு இருக்கும்போது அவர் டிப்போவில் நின்று "யாராவது கொடுத்தார்களா" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பார். நல்ல எண்ணத்தில் செய்கிற இந்த வேலையால் திரும்பாமல் போன பர்ஸ்கள் நிறைய.

கொடுக்கும்போது எதிரிலேயே திறந்து எண்ணச் சொல்லுங்கள், என்னென்ன இருந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் பிரிவில் இரண்டு பேர் சேர்ந்துதான் திறப்போம், ஒருவர் சொல்ல ஒருவர் எழுத, பிறகு உறையில் போட்டு ஒட்டி அதன் மேல் கையெழுத்து. பிற்பாடு "இன்னும் ஒரு நோட்டு இருந்ததே" என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது.

அப்புறம், உரியவரைக் கண்டுபிடிக்க உதவுவது பெரும்பாலும் அடையாள அட்டை இல்லை. அதில் இருப்பது பழைய முகவரி, போன் நம்பர் இருக்காது. நூலக அட்டை, மருந்துச் சீட்டு, சலவைக்குப் போட்ட ரசீது, உடற்பயிற்சிக் கூடத்தின் அட்டை, இவைதான் பேசும். உங்களிடம் உள்ள நூலக அட்டையின் எண்ணை நூலகத்தில் சொன்னால் அவர்கள் நம்பரைத் தர மாட்டார்கள், ஆனால் அவர்களே உறுப்பினரைக் கூப்பிட்டு உங்கள் நம்பரைக் கொடுப்பார்கள். வங்கி கார்டும் அப்படித்தான், பின்பக்கம் இருக்கும் நம்பருக்கு அடித்துச் சொன்னால் வங்கி தன் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லிவிடும்.

வழிப்போக்கன்:

நூலகம் தோன்றவே இல்லை, நன்றி அண்ணா. நாளைக் காலை முதல் வேலை அதுதான். சமூக வலைத்தளத்தில் படம் போட்டுக் கேட்கலாமா?

கடைசிப்பெட்டி:

படம் மட்டும் போடவே போடாதீர்கள். "இந்தத் தடத்தில் ஒரு பர்ஸ் கிடைத்தது, என்ன நிறம், உள்ளே என்ன இருந்தது என்று சொல்பவர் பெற்றுக்கொள்ளலாம்" என்று மட்டும் போடுங்கள். படத்தைப் போட்டால் அதைப் பார்த்தே பட்டியல் ஒப்பிக்கிற ஆட்கள் வருவார்கள். அடையாள அட்டையின் படத்தைப் போடுவது இன்னும் மோசம், பர்ஸைத் தொலைத்தவருக்கு அடையாளத்தையும் தொலைத்துக் கொடுத்த மாதிரி.

நம்பாதவன்:

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நிஜத்தில் பணம் இருந்தால் பணம் போகும், கார்டு மட்டும் குப்பைத் தொட்டியில் கிடைக்கும். நிறைய பணம் இருந்தால் பர்ஸும் சேர்ந்து போகும். மனுஷன் அவ்வளவுதான்.

எண்சாண்:

நம்பாதவன், பணம் இருந்தால் நேர்மை ஏறும் என்று பொருளாதாரப் பேராசிரியர்களிலும் பெரும்பாலோர் நினைக்கவில்லை, தோற்றார்கள். 2019இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கு மேல் பர்ஸ்கள். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற உறை, அதற்குள் ஒரு சாவி, கடைக்குப் போக எழுதிய பட்டியல், பெயரும் மின்னஞ்சலும் உள்ள முகவரி அட்டை. சிலவற்றில் பணம் இல்லை, சிலவற்றில் அமெரிக்கக் கணக்கில் 13 டாலர் சொச்சம். வங்கி, தியேட்டர், அருங்காட்சியகம், அஞ்சலகம், ஓட்டல், காவல் நிலையம் என்று போய் வரவேற்பில் இருப்பவரிடம் "தெருவில் கிடந்தது, எனக்கு நேரமில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். எத்தனை பேர் உரியவருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள் என்பதுதான் கணக்கு.

பணம் இல்லாதவற்றில் சராசரியாக 40%, பணம் உள்ளவற்றில் 51% பேர் எழுதினார்கள். 40 நாட்டில் 38இல் இதே திசைதான். அப்புறம் அமெரிக்கா, பிரிட்டன், போலந்து மூன்றில் மட்டும் தொகையை ஏறத்தாழ 94 டாலராக ஏற்றிப் பார்த்தார்கள். அங்கே பணமில்லாமல் 46, கொஞ்சம் பணத்தோடு 61, நிறைய பணத்தோடு 72%. அதாவது பணம் ஏற ஏற நேர்மையும் ஏறியிருக்கிறது.

நம்பாதவன்:

வரவேற்பில் கேமரா இருந்திருக்கும்.

எண்சாண்:

அதையும் பார்த்திருக்கிறார்கள், கேமரா இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனக்குப் பிடித்தது சாவி விஷயம். சாவி யாருக்கும் உதவாது, தொலைத்தவருக்கு மட்டும்தான் உதவும், இல்லையா? சாவி வைக்காத பர்ஸ்களும் சிலவற்றை விட்டுப் பார்த்தார்கள், அவை குறைவாகத் திரும்பின. ஆக, கொஞ்சம் இரக்கம். இன்னொரு பாதி, "எடுத்துக்கொண்டால் நான் திருடன்" என்ற கூச்சம். வெறும் பர்ஸைக் கண்டுகொள்ளாமல் விட்டால் யாரும் தன்னைத் திருடன் என்று நினைத்துக்கொள்ள மாட்டார், நோட்டு தெரியும்போது நினைப்பார்.

மின்மினி:

அந்த ஆய்வுக்கு ஒரு வால் இருக்கிறது எண்சாண். பட்டியலில் கீழே வந்த நாடுகளில் ஒன்று சீனா. அங்கே வேலை விஷயத்துக்கே பலர் மின்னஞ்சல் பயன்படுத்துவதில்லை, அதை வைத்து எப்படி நேர்மையை அளக்கலாம் என்று கேட்டு, அங்குள்ள ஆய்வாளர்கள் மறுபடி செய்து 2023இல் வெளியிட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பாத நிறைய பேர் பர்ஸைப் பத்திரமாக மேசைக்குள் வைத்துக்கொண்டு, உரியவர் தேடி வருவார் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

தொலைத்தவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். யாரும் போன் செய்யவில்லை என்பதால் யாரும் எடுத்துவைக்கவில்லை என்று ஆகாது. கூச்சப்படாமல் போன இடத்துக்கெல்லாம் நேரில் போய்க் கேளுங்கள், இரண்டாம் முறையும் கேளுங்கள், ஷிப்ட் மாறியிருக்கும். காலையில் இருந்தவர் இழுப்பறையில் வைத்ததை மாலையில் இருப்பவரிடம் சொல்லாமலேயே வீட்டுக்குப் போயிருப்பார்.

கடைசிப்பெட்டி:

மின்மினி அக்கா சொன்னதற்கு நூறு மார்க். "கேட்டேன், இல்லை என்றார்கள்" என்று போனவரின் பர்ஸ் அவர் கேட்ட மேசைக்கு அடுத்த மேசையில் இருந்ததைப் பார்த்தவன் நான்.

சோம்பேறி:

குழந்தைப் படம் வைத்தால் திரும்பி வரும் என்று எங்கோ படித்தேன், உண்மையா?

எண்சாண்:

பாதி உண்மை. ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் எடின்பரோவில் 240 பர்ஸ்களைத் தெருவில் போட்டு வைத்த சோதனை அது, 2009இல் செய்தியானது. சிரிக்கும் கைக்குழந்தையின் படம் வைத்தவற்றில் 88% திரும்பின, நாய்க்குட்டி 53, குடும்பப் படம் 48, வயதான தம்பதி 28. எதுவுமே இல்லாதவை 15%. ஆனால் அது ஒரே ஊரில் நடந்தது, நான் சொல்லாத ஒன்றையும் சேர்த்து ஆறு வகை, வகைக்கு 40 பர்ஸ்தான், அதில் காசும் கிடையாது. அந்த 88ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்படியும் குழந்தை போன் நம்பர் சொல்லாது, ஒரு சீட்டில் நம்பரை எழுதி வையுங்கள்.

நம்பாதவன்:

நம்பரை எழுதி வைத்து, எவனாவது கூப்பிட்டு "உங்கள் பர்ஸ் கிடைத்தது, வங்கியிலிருந்து பேசுகிறேன், ஓடிபி சொல்லுங்கள்" என்றால்?

கணக்குப்பிள்ளை:

இந்த ஒரு தடவை நம்பாதவன் பக்கம் நிற்கிறேன். நான் வங்கியில் கார்டு பிரிவில் இருக்கிறேன், இது நடக்கிறது. பர்ஸைத் தொலைத்தவர் பதற்றத்தில் இருப்பார், அந்த நேரத்தில் வருகிற போனைத் தெய்வமாக நம்புவார். அதனால் இரண்டு விதி. பர்ஸில் எழுதும் நம்பர் வங்கிக் கணக்கோடு இணைந்த நம்பராக இருக்க வேண்டாம், வீட்டில் இன்னொருவருடைய நம்பரைப் போடுங்கள். (உங்கள் போனும் சேர்ந்தே தொலைந்திருந்தால் உங்கள் நம்பர் எதற்கு உதவும், அதையும் யோசியுங்கள்.) பர்ஸைத் திருப்பித் தருகிறவருக்கு உங்கள் ஓடிபி எந்தக் காலத்திலும் தேவைப்படாது.

வீட்டு முகவரியையும் வீட்டுச் சாவியையும் ஒரே பர்ஸில் வைக்கவே கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், வைக்கிறார்கள்.

தொலைத்ததும் செய்ய வேண்டியதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பதறிப்போய் உடனே எல்லாக் கார்டையும் நிரந்தரமாக முடக்கிவிட்டு, அரை மணியில் பர்ஸ் காரில் இருக்கைக்கும் நடுப்பெட்டிக்கும் இடையில் கிடைத்து, "முடக்கியதைத் திறந்துவிடுங்கள் சார்" என்று வருகிறவர்கள் அதிகம். திறக்க முடியாது, புதுக் கார்டுதான். மாதாமாதம் தானாகப் பிடிக்கிற கட்டணங்கள் பலவற்றுக்கும் புது எண்ணைக் கொடுக்கிற வேலை வேறு. இப்போது பெரும்பாலான வங்கிச் செயலிகளில் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது, முதலில் அதை அழுத்துங்கள், பிறகு நிதானமாகத் தேடுங்கள். ஆனால் நிறுத்துவதைத் தள்ளிப்போடாதீர்கள், தட்டிப் பணம் கட்டும் கார்டுகளில் சின்னத் தொகைக்கு ரகசிய எண் (PIN) கேட்காது, கையில் வைத்திருப்பவர் சில தடவையாவது தட்டிவிடலாம். தேடிக் கிடைக்கவில்லை, அல்லது யாரோ அடித்தது நிச்சயம் என்றால் நிரந்தரமாக முடக்குங்கள், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், புகார் எண் என்ன என்று குறித்து வையுங்கள். பிற்பாடு தகராறு வந்தால் நீங்கள் சொன்ன நேரத்தை வைத்துத்தான் பொறுப்பு யாருடையது என்று பார்ப்பார்கள்.

போனும் போயிருந்தால் சிம்மை முடக்குவதைக் கார்டுக்கு முன்னாலேயே செய்யுங்கள். ஓடிபி அங்கேதான் வரும்.

தையல்காரி:

எல்லோரும் முதல் கேள்வியிலேயே நிற்கிறீர்கள், இரண்டாவதுக்கு நான் வருகிறேன். நான் துணி தைப்பவள், ஒளித்து வைக்கும் பை தைத்துத் தரச் சொல்லி வருபவர்கள் நிறைய, அதனால் எது நிலைக்கும் எது நிலைக்காது என்று ஓரளவு தெரியும்.

பெல்ட்டின் உட்பக்கம் ஜிப் வைத்துச் செய்வது நல்ல முறை, நோட்டை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் போதும், வளைவிலும் பிதுங்காது. கால்சட்டை இடுப்புப் பட்டியின் உட்புறம் விரல் நீளத்துக்கு ஒரு வாய் விட்டுத் தைப்பது இன்னும் நல்லது, ஆனால் நோட்டோடு துவைத்துவிடுவார்கள். பருத்தி இழையில் செய்த காகித நோட்டு ஒரு சலவையைத் தாங்கும், மடிப்பு வரியில்தான் முதலில் கிழியும். சில நாடுகளில் புழங்கும் பாலிமர் (பிளாஸ்டிக்) நோட்டு தண்ணீருக்கு அசையாது, ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருங்கிவிடும். அது மடிப்பிலும் நிற்காது, எட்டாக மடித்தால் தானாக விரிந்துகொண்டு வரும். சுருட்டி நூல் கட்டி வைப்பதுதான் அதற்குச் சரி.

பெண்களின் உடையில் பாக்கெட்டே வைப்பதில்லை, வைத்தாலும் இரண்டு விரல் போகாது, அந்தக் கோபம் தனி. உள்ளாடையின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துணிப்பையை ஊக்குக் குத்தி வைத்தால் துவைக்கும்போது கழற்றி அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம். தைத்தால் ஒரு துணிக்குத்தான் ஆகும், ஊக்கு என்றால் எல்லாத் துணிக்கும்.

செருப்பு, ஷூவின் உள்பட்டைக்குக் கீழ் வைப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஒரு வாடிக்கையாளர் அப்படி வைத்திருந்த நோட்டை எனக்கே கொடுத்தார். ஈரம், பாதி சாயம், அந்த வாசனை. வாங்கி வெயிலில் கல் வைத்துக் காயப் போட்டேன்.

சோம்பேறி:

அக்கா அந்த நோட்டை இப்போது யார் வைத்திருக்கிறார்களோ.

வழிப்போக்கன்:

போன் கவருக்குப் பின்னால் வைக்கலாமே? போன் எப்போதும் கையில்தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

எப்போதும் கையில் இருப்பதால்தான் வைக்கக் கூடாது. பறிப்பவர் முதலில் பறிப்பது போனைத்தான். சார்ஜ் தீர்ந்தால், கீழே போட்டு உடைத்தால் என்ற அவசரத்துக்கு அது உதவும், போனே போய்விட்டது என்ற அவசரத்துக்கு உதவாது. பர்ஸோடும் போனோடும் சேர்ந்து போகாத மூன்றாவது இடம் ஒன்று வேண்டும். அந்த இடத்தில் நோட்டோடு ஒரு கார்டும் இருந்தால் இன்னும் நல்லது, வேறு வங்கியின் கார்டு, கணக்கில் கொஞ்சமே பணம்.

மின்மினி:

பயணத்தில் போலி பர்ஸ் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. காலாவதியான கார்டு, கொஞ்சம் சில்லறை, அவ்வளவுதான். மிரட்டிக் கேட்டால் கொடுத்துவிட்டு நடக்கலாம். "பிக்பாக்கெட் ஜாக்கிரதை" பலகையைப் பார்த்ததும் எல்லோரும் தன் பர்ஸ் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கிறோம் பாருங்கள், அப்போது போலியைத் தொடப் பழகிக்கொள்ளுங்கள்.

வீட்டில் வைப்பது வேறு கதை. வெளியில் வைப்பதற்குத் திருடன் எதிரி, வீட்டில் வைப்பதற்கு நாமேதான் எதிரி. யாரும் நினைத்தே பார்க்காத இடம் என்று தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு, நாமும் நினைத்துப் பார்க்காமல் போய்விடுகிறோம்.

எண்சாண்:

இதற்கும் என்னிடம் ஆய்வு இருக்கிறது, சிரிக்காதீர்கள். வினோகிராட், சோலோவே என்று இரண்டு உளவியலாளர்கள், 1986. பொருட்களை எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தது, விசித்திரமான இடத்தில் வைத்தது என்று இரண்டு விதமாகக் கொடுத்து நினைவைச் சோதித்தார்கள். விசித்திரமான இடம்தான் நன்றாக நினைவிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது, சோதனையில் அதைத்தான் அதிகம் மறந்தார்கள். பொருளிலிருந்து இடத்துக்குப் போக மனதில் பாதை இல்லை. பணம் என்றதும் பீரோ, மேசை, பெட்டி என்று மனம் போகும், பழைய ரேடியோவின் பேட்டரி அறைக்குப் போகாது.

நம்பாதவன்:

பணம் என்றதும் பீரோவுக்கு என் மனம் மட்டுமா போகும், திருடன் மனமும்தான் போகும். பிறகு எதற்கு ஒளிக்க வேண்டும்?

எண்சாண்:

ஒளித்து வைக்கும் அன்றைக்கு "எங்கே வைத்தால் யாருக்கும் தெரியாது" என்று கேட்காமல், "இது எங்கே இருக்கும் என்று அடுத்த வருஷம் என்னைக் கேட்டால் முதலில் எங்கே தேடுவேன்" என்று கேளுங்கள். முதலில் தோன்றும் இடம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. எனக்குத் தையல் மெஷின் தோன்றாது, தையல்காரி அக்காவுக்குத் தோன்றும். உங்கள் பழக்கத்தோடு ஒட்டிய இடம் உங்களுக்கு மறக்காது, திருடனுக்கு அந்தப் பழக்கம் தெரியாது.

தையல்காரி:

தையல் மெஷின் என்று இங்கே எழுதியாகிவிட்டது, இன்றைக்கே மாற்றி வைக்கிறேன்.

கடைசிப்பெட்டி:

ஒருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும், இதில் நான் பிடிவாதம். எங்களிடம் பழைய கைப்பைகள், பெட்டிகள் வரும், உரியவர் வராத பட்சத்தில் காலக்கெடு முடிந்து அப்புறப்படுத்துவோம், அப்போது அடிப்பலகையைத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். இருக்கும். பல தடவை இருந்திருக்கிறது. வைத்தவர் இல்லாமல் போன பிறகு வீட்டார் பையைப் பழைய சாமானுக்குப் போட்டிருப்பார்கள், அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

நம்பாதவன்:

சொன்னால் அது ரகசியமா? என் வீட்டில் சொன்னால் அடுத்த வாரம் கடனாகக் கேட்பார்கள்.

கடைசிப்பெட்டி:

கேட்டால் கொடுத்துத் தொலையுங்கள் தம்பி, பழைய சாமான்காரருக்குப் போவதைவிட மேல்.

கணக்குப்பிள்ளை:

நோட்டுக்கும் ஆயுள் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2016 நவம்பர் 8 இரவில் அப்போதைய 500, 1000 நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது ஒளித்து வைத்த பணம் எத்தனை வீடுகளில் வெளியே வந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும், அப்போதும் வெளிவராதது மாற்றும் கெடு முடிந்த பிறகு வெறும் காகிதம்தான். பிரிட்டனில் காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடையில் செல்லாது, மத்திய வங்கியில் கொடுத்து மாற்றலாம். வருடத்துக்கு ஒரு முறை ஒளித்ததை எடுத்துச் செலவழித்துவிட்டு அதே மதிப்புக்குப் புதிதாக வையுங்கள். எலி, ஈரம், கரையான், நோட்டு மாற்றம் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே மருந்து. எங்கே வைத்தோம் என்பதும் மறக்காது.

சோம்பேறி:

எல்லாமே போனில் கட்டுகிற காலத்தில் நோட்டு எதற்கு என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன், யாரும் கேட்கவில்லை, நானே கேட்கிறேன்.

மின்மினி:

2025 ஏப்ரல் 28. ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டு நாட்டிலும் நண்பகலில் மின்சாரம் மொத்தமாகப் போனது. பல இடங்களில் கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, ஏடிஎம் வேலை செய்யவில்லை, ரயில் நின்றது. கையில் நோட்டு இருந்தவர் திறந்திருந்த கடையில் தண்ணீர் வாங்கினார். பெரும்பாலான இடங்களில் மறுநாள் காலைக்குள் மின்சாரம் வந்துவிட்டது, ஆனால் அந்த ஒரு இரவுக்குத்தானே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். நெதர்லாந்து மத்திய வங்கி அதே வருடம் கணக்கே போட்டுச் சொன்னது, மூன்று நாள் தாக்குப்பிடிக்க பெரியவர் ஒருவருக்கு 70 யூரோ, குழந்தைக்கு 30 யூரோ ரொக்கமாக வீட்டில் இருக்கட்டும் என்று.

அப்புறம், சின்ன நோட்டாக வையுங்கள். இருட்டில் பெரிய நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்பார், முழுசையும் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

வழிப்போக்கன்:

கையில் வைப்பது எவ்வளவு இருக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?

தையல்காரி:

நீங்கள் வழக்கமாகப் போகும் இடங்களிலேயே தூரமான இடத்திலிருந்து நள்ளிரவில் வண்டி பிடித்து வீடு வந்து சேர எவ்வளவு ஆகுமோ அவ்வளவு. அதோடு யாரிடமாவது போன் வாங்கிப் பேச ஒரு நம்பர் மனப்பாடமாக. இப்போது எத்தனை பேருக்கு வீட்டார் நம்பர் மனப்பாடம்? சோதித்துப் பாருங்கள், பார்க்காமல் எழுதுங்கள்.

நம்பாதவன்:

எழுதினேன். ஒரு எண் சந்தேகம்.

கணக்குப்பிள்ளை:

தொகையைவிடக் கஷ்டம் அதைத் தொடாமல் இருப்பது. அவசரத்துக்கு வைத்தது ஆசைக்குப் போய்விடும், இதுதான் வழக்கமான முடிவு. ஏடிஎம் வரைக்கும் நடக்கச் சோம்பலாக இருக்கிறது என்பது அவசரம் இல்லை. உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள், கடைசிப்பெட்டி அண்ணன் பிரிவில் செய்வது போலவே. பூட்டு ஒன்றும் இல்லைதான், ஆனால் கிழிக்கும்போது கை ஒரு நொடி நிற்கும்.

எண்சாண்:

பர்ஸ் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் ஏர்டேக் மாதிரிக் கருவி போடுபவர்கள் யாரும் இல்லையா?

மின்மினி:

போட்டிருக்கிறேன், கார்டு வடிவத்தில் வருவது. வட்ட வடிவில் இருப்பது பர்ஸை வீங்க வைக்கும். விட்டுவிட்டு நடந்தால் போன் சத்தம் போட்டுச் சொல்லும், பாதி வேலை அங்கேயே முடிந்தது. திருட்டுக்கு அவ்வளவு நம்ப வேண்டாம், தெரியாத கருவி ஒன்று உங்களோடு வருகிறது என்று எடுத்தவரின் போனுக்கும் எச்சரிக்கை போகும், ஆளைப் பின்தொடர்வதைத் தடுக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வரைபடத்தில் புள்ளி தெரிகிறது என்று தனியாளாகக் கிளம்பிப் போகாதீர்கள், காவல்துறையிடம் காட்டுங்கள்.

வழிப்போக்கன்:

நூலகத்தில் சொல்லிவிட்டேன், கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அவர் வந்து சன்மானம் கொடுத்தால் வாங்கலாமா? வீட்டில் இதில் இரண்டு கட்சி.

கடைசிப்பெட்டி:

ஜப்பானில் அதற்குச் சட்டமே இருக்கிறது. திரும்பப் பெறுபவர் பொருளின் மதிப்பில் 5 முதல் 20% வரை எடுத்துக் கொடுத்தவருக்குத் தர வேண்டும், மூன்று மாதம் உரியவர் வராவிட்டால் பெரும்பாலான பொருட்கள் எடுத்தவருக்கே. அங்கே அது கணக்கு, கூச்சம் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில், அவராகச் சந்தோஷமாகக் கொடுத்தால் வாங்குவதில் தப்பில்லை, பேருந்துக் கட்டணம் உங்களுக்கும் ஆகியிருக்கும். பர்ஸைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் சன்மானப் பேச்சை எடுப்பதுதான் அசிங்கம்.

நம்பாதவன்:

நான் வாங்க மாட்டேன்.

சோம்பேறி:

அட, நம்பாதவனா இது!

மின்மினி:

ஒரு கேள்வி. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அவசர நோட்டு எங்கே வைப்பது? பையில் வைத்தால் பை போகும், சட்டைப்பையில் வைத்தால் அன்றைக்கே செலவாகும்.

தையல்காரி:

கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை உறையில், அட்டைக்குப் பின்னால். நோட்டைச் சுற்றி இரண்டு நம்பர் எழுதிய ஒரு சீட்டு, அதன் மேல் ஒரு சின்ன ஒட்டுநாடா. எடுத்தால் தெரியும், எடுத்தேன் என்று பிள்ளையே வந்து சொல்லவும் வைக்கும், எதற்கு என்று திட்டாமல் திரும்ப வைத்துக் கொடுங்கள். சீட்டை ஜெல் பேனாவில் எழுதாதீர்கள், வியர்வையில் கரைந்துவிடும். பென்சில் நனைந்தாலும் நிற்கும்.